மக்கள் ஓட்டுப் போடாத மேயரா?

இங்கிலாந்தின் டவுன் கவுன்சில்களில் உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தெடுப்பது ஜனநாயக மோசடி என்கிறது ஒரு கட்டுரை. லண்டன் மேயருக்கு மக்கள் ஓட்டுப் போடவில்லையா என்று வேறு கேட்கிறார் கட்டுரையாளர். லண்டன் மேயர் கையில் போக்குவரத்தும் பெரிய பட்ஜெட்டும் இருக்கின்றன. டவுன் மேயரோ, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி வெறும் கூட்டத்தலைவர். ஆண்டுக் கூட்டத்தின் முதல் வேலையே அவரைத் தேர்வதுதான். ஓராண்டுப் பதவி. கழுத்தில் சங்கிலி, திறப்பு விழாக்கள், ஓட்டுகள் சமமானால் முடிவு சொல்லும் கூடுதல் ஓட்டு. இதற்கு ஊர் முழுக்கத் தேர்தல் வைத்தால் செலவு யார் தலையில்?

உண்மையான கேடு வேறு. பல ஊர்களில் போட்டிக்கே ஆளில்லாமல் உறுப்பினர்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. நேரில் பார்க்க வழியும் இருக்கிறது: கவுன்சில் கூட்டங்களில் பொதுமக்கள் உட்காரும் உரிமையைத் தந்தது 1960ஆம் ஆண்டுச் சட்டம். கட்டுரையாளர் அடுத்த மே மாதம் ஓர் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் உட்காரட்டும்.