தேயும் இரும்பு எங்கே போகிறது?

2004 ஆகஸ்ட் 9 அன்று ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தில், மூன்றாம் அலகின் டர்பைன் கட்டடத்தில் ஒரு குழாய் பிளந்தது. சுமார் 140 டிகிரி வெப்பத்தில், அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த நீர் வெளியே வந்த கணமே நீராவியானது. சில நாட்களில் தொடங்கவிருந்த பராமரிப்புக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். ஆறு பேர் காயமடைந்தார்கள். கதிரியக்கக் கசிவு இல்லாததால் உலகம் இதைச் சீக்கிரம் மறந்துவிட்டது. மறந்திருக்கக் கூடாது.

1976இல் அந்த அலகு இயங்கத் தொடங்கியபோது அந்தக் குழாய்ச் சுவரின் தடிமன் 10 மில்லிமீட்டர். பிளந்த இடத்தில் மிஞ்சியிருந்தது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 28 ஆண்டுகளில் ஒருமுறைகூட அங்கே தடிமன் அளக்கப்படவில்லை. ஆபத்து தெரியாததல்ல. 1986இலேயே அமெரிக்காவின் சர்ரி நிலையத்தில் இதே போல ஒரு குழாய் வளைவு வெடித்து நான்கு பேர் இறந்திருந்தார்கள். எந்தெந்த இடங்களை அளக்க வேண்டும் என்ற வழிகாட்டுதலும் ஜப்பானில் இருந்தது. மிஹாமாவின் சோதனைப் பட்டியலில் அந்த இடம் விடுபட்டிருந்தது.

ஆக்சிஜன் நீக்கிய வெந்நீரில், கார்பன் எஃகின் மேல் மேக்னடைட் என்ற கரிய ஆக்சைடு மெல்லிய படலமாக மூடிக்கொள்ளும். எஃகுக்கு அதுதான் காப்பு. அந்தப் படலம் நீரில் மிக மெதுவாகக் கரையும். சுவரை ஒட்டிய நீர் அசையாதிருந்தால், அதில் இரும்பு நிறைந்ததும் கரைவது நின்றுவிடும். நீர் வேகமாகச் சுழன்று ஓடினால், கரைந்த இரும்பை உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போய்விடும். கரைவதற்கு முடிவே இராது. மிஹாமாவில் ஓட்டத்தை அளக்கக் குழாய்க்குள் ஒரு துளைத்தட்டு பொருத்தியிருந்தார்கள். அதைத் தாண்டி நீர் சுழன்ற பகுதியில்தான் சுவர் மெலிந்தது. எஃகில் சிறிதளவு குரோமியம் கலந்திருந்தால் இந்தத் தேய்மானம் பெரிதும் குறையும்.

விபத்து அறிக்கைகள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகின்றன. தேய்ந்த இரும்பு எங்கே போனது?

பிரான்சில், ரோன் ஆற்றங்கரையிலுள்ள க்ரூவாஸ் நிலையத்தில் இதற்குப் பதில் கிடைத்தது. 2004க்கும் 2006க்கும் இடையே அங்கே நீராவி உற்பத்திக் கலன்களின் குழாய்கள் மூன்று முறை கசிந்தன. ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களைத் தாங்கி நிற்கும் தட்டுகளில், நீர் மேலேறுவதற்கென நான்கிதழ்ப் பூ வடிவில் துளைகள் உண்டு. கலனுக்குள் வரும் ஊட்டுநீர் சுமந்துவந்த இரும்பு மேக்னடைட்டாக அந்த இதழ்களின் ஓரங்களில் படிந்து வழியை அடைத்திருந்தது. வழி குறுகவே, கலனின் நடுப்பகுதியில் ஓட்டத்தின் வேகம் கூடியது; அங்கிருந்த குழாய்கள் அதிர்ந்து, களைத்து, விரிசல் விட்டன.

ஆற்று மணல் ஓட்டம் தணியும் இடத்தில் படியும். இந்தப் படிவமோ நீர் விரையும் குறுகிய இடுக்கில் வளர்கிறது. இதற்கு மின்வேதியியல் ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தருகிறார்கள். உலோகத்தை ஒட்டிய நீர்ப்படலத்தில் மின்னூட்டம் இருக்கும். ஓட்டம் திடீரென வேகமெடுக்கும் இடத்தில், வந்து சேர்வதைவிட அதிக மின்னூட்டம் அடித்துச் செல்லப்படும். அந்தக் குறையை ஈடுகட்டச் சுவரிலிருந்து மின்னோட்டம் பாயும்; அதன் விளைவாக, கரைந்திருந்த இரும்பு அங்கேயே ஆக்சைடாகப் படியும். ஓரிடத்தில் படலத்தைக் கரைக்கும் வேகமே இன்னோரிடத்தில் அதைக் கட்டியெழுப்புகிறது.

கழுவிவிட்டால் தீர்ந்துவிடுவதுமில்லை. ஹங்கேரியின் பாக்ஸ் நிலையத்தில் நீராவிக் கலன்களைச் சுத்தம் செய்த பிறகு மேக்னடைட் எரிபொருள் தொகுதிகளில் போய்ப் படிந்தது. அதைக் கழுவ 30 தொகுதிகளை ஒரு தொட்டியில் இறக்கினார்கள். 2003 ஏப்ரலில், தொட்டிக்குள் குளிர்ச்சி போதாமல் அவை சூடேறிச் சிதைந்தன.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. கல்பாக்கத்தின் கனநீர் உலைகளில், உலைக்கும் நீராவிக் கலனுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கார்பன் எஃகு ஊட்டுக்குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் தேய்வது உலைக்கருவுக்குள் போய்ப் படியும். கூடவே போகும் கோபால்ட், நியூட்ரான் பட்டுக் கோபால்ட்-60 ஆகும். அதன் அரைவாழ்வு ஐந்து ஆண்டுகளுக்கு மேல். அது மீண்டும் குழாய்களில் ஒட்டிக்கொண்டு, பராமரிப்புக்கு வருபவரின் உடலில் கதிர்வீச்சாக ஏறும். இந்த வேதியியலை ஆராய்வதற்கென்றே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நீர்-நீராவி வேதியியல் பிரிவு கல்பாக்கத்தில் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை.

கணக்கு வைக்கும் முறை மாற வேண்டும் என்பதே என் வாதம். குழாய்த் தடிமனை ஒரு பிரிவும், நீரிலுள்ள இரும்பை இன்னொரு பிரிவும், கழுவி எடுத்த படிவத்தை மூன்றாவது பிரிவும் தனித்தனியே பார்த்தால், ஓரிடத்து இழப்பை இன்னோரிடத்து வரவோடு ஒப்பிட ஆளிருக்காது. படிவமாகச் சேர்ந்த இரும்பு, குழாய்களில் அளந்த தேய்மானத்தைவிட அதிகமென்றால், அளக்கப்படாத ஏதோ ஒரு வளைவு மெலிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இந்த மூன்றையும் அலகுவாரியாக ஒரே கணக்கில் கேட்டுப் பெற்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதுவரை அளக்காத இடங்களின் பட்டியலும் அதில் இருக்க வேண்டும். அந்தக் குழாய்களின் அடியில் வேலைக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அது அவர்கள் மொழியில் முன்கூட்டியே கிடைக்க வேண்டும்.