பேபி அணையைப் பலப்படுத்து! பெரியாறு அணையில் 152 அடி தேக்கு!

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயப் பெருங்குடி மக்களே!

முல்லைப் பெரியாறு என்றதும் நம் கண்முன் நிற்பது, பென்னிகுக் 1895-ல் கட்டி முடித்த 1,200 அடி நீளப் பெரிய அணைதான். அதற்குப் பக்கத்திலேயே சுமார் 240 அடி நீளத்தில் பேபி அணை இருக்கு. அதையொட்டி ஒரு சிறிய மண் அணையும் இருக்கு. நம்ம 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலின் தலையெழுத்து இன்றைக்கு இந்தச் சின்ன அணைகளில்தான் மாட்டிக் கிடக்கு!

மண் கரையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். கண்மாய்க் கரையில் மரம் முளைத்தால் வேர் வழியாகத் தண்ணீர் வழி தேடும். எலி வளை, நண்டு வளை பெரிசானால் கரை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். கசிவு தெளிவாக, ஒரே அளவாக வந்தால் பயமில்லை; கலங்கி வந்தால் மண் கரைகிறது என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் கரைக்கு மேல் ஏறி வழியவே கூடாது. கலிங்கு சரியாக இருக்கணும்.

1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு-2 அணையின் மண் கரை மேல் வெள்ளம் ஏறி உடைந்தது. மோர்பி நகரமே சூறையானது. அதே ஆண்டில்தான் பெரியாறு அணைக்கும் ஆபத்து என்று பீதி கிளப்பி, 152 அடி தேக்கிய இடத்தில் 136 அடியாகக் குறைத்தார்கள். பலப்படுத்தியதும் பழையபடி தேக்கலாம் என்றார்கள்.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. பெரிய அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி போட்டோம். கம்பி வடங்களை அணைக்குள் இறக்கி அடிப்பாறையோடு இறுக்கினோம். பின்புறம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தோம். வெள்ளம் வெளியேற இருந்த 10 மதகுகளை 13 ஆக்கினோம். 2006 பிப்ரவரி 27-ல் 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளம் உடனே சட்டத்தைத் திருத்தித் தடுத்தது. 2011 டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்கே திரண்டு குமுளி நோக்கி நடந்ததை யார் மறப்பார்கள்? 2014 மே 7-ல் அந்தச் சட்டத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் 142 அடி நிரம்பியது. அணை அசையவில்லை!

மீதி நிற்பது பேபி அணை, மண் அணை வேலைதான். அதற்கு அங்குள்ள மரங்களை வெட்டணும். 2021 நவம்பரில் 15 மரம் வெட்ட கேரள வனத்துறை அனுமதி கொடுத்தது. சில நாளிலேயே கேரள அரசு அதை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே தலையிட்டுக் கெடு விதிக்க வேண்டியதாயிற்று.

நாம் கேட்கிறோம்: அணை பலவீனம் என்று சொல்கிறவர்களே பலப்படுத்தும் வேலைக்குக் குறுக்கே நிற்பது என்ன நியாயம்? கரை சரியில்லை என்று கூப்பாடு போட்டுக்கொண்டே மண்வெட்டியைப் பிடுங்கி வைப்பதா?

வண்டிப்பெரியாறு, உப்புத்தரை மக்கள் நமக்கு எதிரிகள் இல்லை. இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களில் நம்ம ஊர்ப் பெண்களும்தான் தினமும் போய் வேலை பார்க்கிறார்கள். பேபி அணை பலமானால் அங்குள்ளவர்களுக்கும் நிம்மதியான தூக்கம். நமக்கும் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர். பழுது பார்ப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

நம் கோரிக்கைகள்:

1. பேபி அணை, மண் அணை பலப்படுத்தும் பணியைத் தேதி குறித்து முழுமையாக முடிக்க வேண்டும்.

2. தளவாடங்கள் போக வல்லக்கடவு பாதையைத் தடையின்றித் திறந்து வைக்க வேண்டும்.

3. கசிவு நீர் அளவைத் தமிழிலும் மலையாளத்திலும் மாதாமாதம் வெளியிட வேண்டும். ஒளிவு மறைவு இருந்தால்தான் வதந்தி வளரும்.

4. பணி முடிந்ததும் 152 அடி தேக்க வேண்டும்.

5. நம் மாவட்டக் கண்மாய்க் கரைகளையும் மழைக்கு முன்பே பலப்படுத்த வேண்டும்.

விவசாயிகளே! அடுத்த கிராம சபையிலேயே இந்த ஐந்தையும் தீர்மானமாகப் போடுங்கள். கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை ஒரு ஊர் விடாமல் போடணும். தாத்தன் காலத்துத் தண்ணீர் பேரன் காலத்துக்கும் வரணும்னா, இன்றைக்கு நாம் வாய் திறக்கணும்!

ஒன்றுபடுவோம்! உரிமை மீட்போம்!