பத்து ட்ரோன் பறக்கட்டும், பட்டன் யார் கையில்?

பத்து ட்ரோன்கள் வரிசை கட்டி வயலுக்கு மருந்தடிக்கிற வீடியோவை டவுன் நண்பர்கள் மாறி மாறி அனுப்புறீங்க. "ஆள் பஞ்சம் தீர்ந்தது போங்க"ன்னு குறிப்பு வேற.

ட்ரோனுக்கு நான் எதிரி இல்லை. எங்க பக்கமே வாடகைக்கு வருது. பத்து லிட்டர் டேங்க், ஏக்கருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. முதுகுல டேங்கைச் சுமந்து மருந்தை மூக்குல வாங்கினவன் எவனும் அதை வேண்டாம்னு சொல்லமாட்டான். ஆனா ஒண்ணு பறக்கறது வேற, பத்து சேர்ந்து பறக்கறது வேற.

கூட்டமாகப் பறக்கும்போது ஒவ்வொன்றும் "நான் இங்கே இருக்கேன்" என்று சொல்ல, மற்றவை அதை நம்பித்தான் விலகிப் போகும். அந்தத் தகவலே பொய்யாக இருந்தால்? 2012ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொய்யான ஜிபிஎஸ் சிக்னல் அனுப்பி, ஆளில்லாத சின்ன ஹெலிகாப்டர் ஒன்றைத் தடம் மாற்றிக் காட்டினார்கள். திருட்டு வேலைகூட வேண்டாம், கோளாறே போதும். 2021 ஜூலையில் லண்டன் எரித் பகுதியில் ஒக்காடோ மளிகைக் கிடங்கில் மூன்று ரோபோக்கள் மோதித் தீப்பிடித்தது. அது நாலு சுவருக்குள்ளே, தண்டவாளம் போட்ட இடம். நம்ம வயலுக்குச் சுவர் ஏது?

பல ட்ரோன்கள் பேசிக்கொள்ளும் மொழிக்கு மாவ்லிங்க் என்று பேர். கட்டளை உரியவரிடமிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் முத்திரை அதன் முதல் பதிப்பில் கிடையாது. இரண்டாவதில் உண்டு, ஆனா கட்டாயமில்லை. வாசலுக்குப் பூட்டு வாங்கி ஆணியில மாட்டி வச்ச கதை!

டெமோ காட்ட வந்த தம்பிகிட்ட இதைக் கேட்டேன். "எல்லாம் சர்வர் பாத்துக்கும் சார்"ன்னார். எங்க ஊர்ல தூறல் போட்டாலே டவர் படுத்துடும். சிக்னல் போனால் கிளம்பின இடத்துக்கே திரும்புவது ட்ரோன்களின் வழக்கம். பத்தும் ஒரே உயரத்துல ஒரே வரப்புக்குத் திரும்பினா என்னாகும்? தம்பி சிரிச்சார்.

எனக்குச் சிரிப்பு வரல. என் மக்காச்சோளத்துக்கு 2,4-டி களைக்கொல்லி அடிக்கையில் ஒரு ட்ரோன் வரப்பு தாண்டினால் பக்கத்துக் காட்டுப் பருத்தி போச்சு. இலை சுருங்கி வெண்டை இலை மாதிரி ஆயிடும். அந்தக் காட்டுக்காரர் ட்ரோன் வாங்கவும் இல்லை, வாடகைக்குக் கூப்பிடவும் இல்லை. அவர் யார் வீட்டு வாசல்ல போய் நிக்கறது, என் வாசல்லயா, சர்வர் வாசல்லயா?

முத்திரையைக் கட்டாயமாக்கித்தான் விற்கணும். பக்கத்து ட்ரோன் சொல்றதை மட்டும் நம்பாம, ஒவ்வொண்ணும் தன் எல்லையைத் தானே சரிபார்க்கணும். தெளிப்பை நிறுத்தி அத்தனையையும் தனித்தனியா இறக்குற பட்டன், வரப்புல நிக்கறவன் கையில இருக்கணும், டவர் இல்லாமலே வேலை செய்யணும். விலை ஏறும்கிறாங்க. மகளிர் குழுக்களுக்கு ஒரு ட்ரோனுக்கு எட்டு லட்சம் வரை மானியம் தர்ற மத்திய அரசு, அதோட சேர்த்து இதையும் நிபந்தனையா போட்டுட்டுப் போகட்டுமே.