பழைய கொத்தால் அளக்கும் நீதி

1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக ஸ்தாபனத்தின் விவசாய உடன்படிக்கையைச் சமத்துவத்தின் சாசனமெனப் போற்றுவோர் நம்மிடையேயும் உளர். அதன் கணக்குமுறையை அவர்கள் ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று.

ஓர் அரசு, ஏழைகளுக்கு வழங்கும்பொருட்டுத் தன் உழவரிடம் நிர்ணய விலைக்கு நெல் வாங்குகின்றது என்று கொள்வோம். அவ்விலை இன்றைய சந்தை விலையோடு ஒப்பிடப்படுவதில்லை. 1986 முதல் 1988 வரை நிலவிய விலையோடே ஒப்பிடப்படுகின்றது! இடையே உரமும் எரிபொருளும் கூலியும் எத்துணை உயர்ந்தாலென்ன, அளக்கும் கொத்து அதே பழைய கொத்துத்தான். வித்தியாசம் முழுவதும் ‘மானியம்’ எனப் பதியப்படும். உழவன் பெற்றது இன்றைய உலகச் சந்தை விலையிலும் குறைவாயினும், ஏட்டில் அவன் சலுகை பெற்றவனே. இந்த ஏட்டு மானியம் அப்பயிரின் உற்பத்திப் பெறுமதியில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால், வளர்முக நாடுகளிற் பெரும்பாலானவை விதி மீறியவையாகின்றன.

செல்வந்த நாடுகளின் கதை வேறு. அக்காலத்தில் வாரி வழங்கியவர்கள், வழங்குவதைச் சற்றுக் குறைத்துக்கொண்டு தொடரும் உரிமையைப் பெற்றனர். ஐக்கிய அமெரிக்காவுக்கு ஆண்டொன்றுக்கு 1,910 கோடி டொலர் வரை அனுமதி. அன்று கொடுக்க வழியற்றிருந்த நாடுகளிற் பெரும்பாலானவற்றுக்கு அவ்வுரிமை பூச்சியம். இதற்குமேல் ‘பச்சைப் பெட்டி’ என்றொன்றும் உண்டு. உற்பத்தியோடு தொடர்பற்றதெனப் பெயரிட்டு அதனுள் இடும் பணத்துக்கு உச்சவரம்பே இல்லை. நிர்ணய விலைக்கு வாங்கிய நெல்லின் விலை வித்தியாசத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை.

இந்தியா 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, கிராமத்தாரில் நூற்றுக்கு 75 பேரும் நகரத்தாரில் 50 பேரும் வரை மலிவான தானியம் பெற வழிசெய்தது. அவ்வாண்டு டிசெம்பரில் பாலித் தீவு மாநாட்டில் அதற்குக் கிடைத்ததோ ‘சமாதான விதி’: வழக்குத் தொடராதிருப்போம் என்னும் வாக்குறுதி, அதுவும் கணக்கு ஒப்புவிக்கும் நிபந்தனைகளோடு. 2018-19ஆம் ஆண்டு நெற்கொள்வனவில் வரம்பைத் தாண்டிய இந்தியா, 2020இல் அவ்விதியின் பின் ஒதுங்க நேர்ந்தது.

இந்தியக் களஞ்சிய அரிசி ஏற்றுமதியாகித் தமது சந்தையைக் கெடுக்கின்றது என்று தாய்லாந்து கூறும் முறைப்பாடு முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் அதற்குப் பரிகாரம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதே. பசித்தோரின் களஞ்சியத்தைப் பூட்டுவதன்று.

நிரந்தரத் தீர்வு 2017க்குள் வரும் என்றார்கள். அவ்வாண்டு புவனஸ் அயர்ஸில் வரவில்லை; 2024இல் அபுதாபியிலும் வரவில்லை. சமாதான விதியோ 2013 டிசெம்பரில் ஏற்கெனவே நடைமுறையிலிருந்த திட்டங்களையே காக்கும். அதன்பின் இத்தகைய களஞ்சியத்தைப் புதிதாகத் தொடங்கும் எந்த நாடும், 1953இல் அரிசி விலைக்காக ஹர்த்தால் கண்ட நம் நாடாயினும், அந்த அற்ப நிழலிலும் ஒதுங்க முடியாது.