மனோதத்துவம் படித்தால் என்ன?

நாமக்கல் என்றால் கோழிப் பண்ணையும் லாரிப் பட்டறையும் மட்டுமா? பிள்ளைகளை விடுதியில் வைத்து, டாக்டர் படிப்புக்கும் என்ஜினீயர் படிப்புக்கும் தயார் செய்யும் பள்ளிகளும் பிரசித்தமே. அப்படிப் படித்த பெண் ஒருத்தி, "மனோதத்துவத்தில் பட்டம் பெறப் போகிறேன்" என்றால் வீட்டார் திகைக்கிறார்கள்.

திகைக்க வேண்டாம் என்போம். சென்னைச் சர்வகலாசாலையில் 1943-லேயே இதற்குத் தனித்துறை ஏற்பட்டது. 1997-இல் தோன்றிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறை உண்டு.

ஆயினும் சில விஷயங்களை முன்னதாகவே அறிந்துகொள்வது நலம். இது பிறர் நெஞ்சைத் துருவிப் பார்க்கும் மாயவித்தையன்று. ஞாபகம், கவனம், அச்சம் முதலியவற்றைச் சோதனையாலும் புள்ளிவிவரக் கணக்காலும் ஆராயும் சாஸ்திரம். கணக்குக்கு அஞ்சி இங்கே ஓடிவருவோர் ஏமாந்து போவார்கள். சாதாரணப் பட்டம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மனநோய்க்குச் சிகிச்சை செய்யவும் இயலாது. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி, அதற்கு அங்கீகாரம் பெற்ற தனிப் பயிற்சி வேண்டும். 2025 முதல் தொலைதூரக் கல்வியில் இப்பாடத்துக்குப் புதிதாகச் சேரவும் வழியில்லை. பெண்ணை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இரவும் பகலும் பிள்ளைகளின் மார்க்கையே எண்ணிக்கொண்டிருக்கும் சீமையில், அவர்களுடைய மனத்தையும் எண்ணிப் பார்க்க நாலு பேர் வேண்டாமா?