பனிமலையின் வரவு செலவுக் கணக்கு

காமர்ஸ் படிக்கிறவனுக்குப் பனிமலையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. அங்கேயும் நம்ம வரவு செலவுக் கணக்குதான்! விழும் பனி வரவு. உருகுவதும் உடைந்து கடலில் விழுவதும் செலவு. பூமி சூடாகச் சூடாகச் செலவு மிஞ்சி, முதலே கரைகிறது. சூட்டில் கடல்நீரும் விரிகிறது. இரண்டும் சேர்ந்து 1901 முதல் 2018க்குள் உலகக் கடல்மட்டத்தைச் சுமார் 20 செ.மீ. உயர்த்திவிட்டன.

நம்ம அரசலாற்றில் ஓடுவது மழை கொடுத்த காவிரித் தண்ணீர். பனிமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆறு போய்ச் சேரும் கடலுக்கு உண்டு. கடல் ஏறினால் ஆற்று வழியே உப்பும் உள்ளே ஏறும். கடைமடை வயல்தான் முதலில் அடி வாங்கும்.

ஆகவே காரைக்கால் கடற்கரையில் எது கட்டினாலும், கடல்மட்ட உயர்வையும் திட்டச் செலவில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. கணக்கில் எழுதாமல் விட்டால் கடன் இல்லையென்று ஆகிவிடுமா?