பெட்டி கார் கேலிக்கு உரியதல்ல

மாணவர்களே, சாலையில் ஒரு பழைய பெரோடுவா கெனாரி போனால் உங்களில் பலருக்குச் சிரிப்பு வருகிறது. ‘ரொட்டி டின்’, ‘தீப்பெட்டி’ என்று அதற்குப் பட்டப்பெயர் வேறு. அப்பா அந்தக் காரில் கொண்டுவந்து விடும்போது, பள்ளி வாசலுக்கு நூறு மீட்டர் முன்பே இறங்கி நடந்து வரும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். வீட்டில் அடுத்த கார் வாங்கும் பேச்சு வந்தால், “அந்தப் பெட்டி மட்டும் வேண்டாம்” என்று முதலில் குரல் கொடுப்பவர்களும் நீங்கள்தான். இன்று அந்தப் பெட்டிக்காக நான் வாதாடப் போகிறேன். என் வீட்டிலும் ஒரு கெனாரி நிற்கிறது. ‘சாருக்குப் பாசம்’ என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆகவே பாசத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கோடு வருகிறேன். அந்தக் காரின் குறைகளையும் மறைக்கப் போவதில்லை.

முதலில், அது ஏன் பெட்டியாக இருக்கிறது? வரைந்தவருக்கு ரசனை இல்லாததால் அல்ல. ஜப்பானில் ‘கெய்’ எனப்படும் சிறு கார்களுக்கு வரிச் சலுகை உண்டு. அதைப் பெற வேண்டுமானால் இன்றைய விதிப்படி காரின் நீளம் 3.4 மீட்டரையும், அகலம் 1.48 மீட்டரையும், இயந்திரம் 660 சிசியையும் தாண்டக்கூடாது. ஆனால் உயரம் 2 மீட்டர் வரை போகலாம். நீளத்துக்கும் அகலத்துக்கும் பூட்டு. உயரத்துக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. பொறியாளர்கள் அந்தக் கதவு வழியாகப் போனார்கள். 1993-இல் சுசுகி வேகன் ஆர் வந்தது. 1995-இல் டைஹட்சு மூவ் வந்தது. மூவ் காரை அடிப்படையாக வைத்துப் பெரோடுவா 2000-ஆம் ஆண்டில் கெனாரியை அறிமுகம் செய்தது. நம் சாலைகளுக்காக அதில் 1,000 சிசிக்குச் சற்றுக் குறைவான மூன்று சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தியது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தயாராகி 1998-இல் வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோவும் இதே யோசனைதான்: தரையில் குறைந்த இடம், தலைக்கு மேல் நிறைந்த இடம்.

அந்த உயரத்தால் என்ன கிடைக்கிறது? ஒரு காரின் உள்தளம் 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். கூரையை 20 சென்டிமீட்டர் உயர்த்தினால் 2 × 1.2 × 0.2 = 0.48 கன மீட்டர் கூடுகிறது. அதாவது 480 லிட்டர். காரின் நீளம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. வண்டியை நிறுத்தும் இடமும் கூடவில்லை. ஜொகூர் பாருவில் தாமான் வீடுகளின் முன்னால் இரவில் கார்கள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இருக்கை உயரமாக இருப்பதிலும் ஒரு பயன் உண்டு. தாழ்வான காரில் ஏற, பாட்டி முழங்காலை நன்றாக மடக்கி உட்கார வேண்டும். இறங்கும்போது தன் உடல் எடையைக் கீழிருந்து மேலே தூக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் இருக்கை இருந்தால் அந்த வேலை குறைகிறது. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது சிறிய செய்தி அல்ல.

நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிக்கும் ஒரு நன்மை உண்டு. ஜொகூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கிறது. சாய்ந்த கண்ணாடி அந்த ஒளியை அகலமாக வாங்கி உள்ளே விடும். நிமிர்ந்த கண்ணாடியின் மீதோ ஒளி உரசியபடி இறங்கிப் போகும். காலையிலும் மாலையிலும் இந்த நன்மை இராது.

இனி குறைகளுக்கு வருவோம். முதல் குறை காற்று. பெட்டியின் முகம் உயரமானது, முதுகு தட்டையானது. முகம் காற்றை முட்டித் தள்ளுகிறது. முதுகுக்குப் பின்னால் காற்று ஒழுங்காகச் சேராமல் சுழல்கிறது. அங்கே அழுத்தம் குறைந்து காரைப் பின்னோக்கி இழுக்கிறது. இந்தத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மணிக்கு 55 கிலோமீட்டரிலிருந்து 110-க்குப் போனால் வேகம் இரண்டு மடங்கு. காற்றுத் தடை நான்கு மடங்கு. அந்தத் தடையை வெல்ல இயந்திரம் தரவேண்டிய திறன் எட்டு மடங்கு. ஸ்கூடாயிலும் மாசாயிலும் சமிக்ஞை விளக்குக்கு விளக்கு ஊர்ந்து போகும்போது இந்தக் குறை கண்ணில் படாது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறியதும் தெரியும்.

ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் சுமார் 330 கிலோமீட்டர். 110-இல் ஓட்டினால் 3 மணி நேரம். 90-இல் ஓட்டினால் 3 மணி 40 நிமிடம். 40 நிமிடம் கூடுகிறது. ஆனால் காற்றுத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பெட்டி காரில் இடது தடத்தில் நிதானமாகப் போகும் பெரியவரைப் பார்த்து ஹாரன் அடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

இரண்டாவது குறை உயரம். அதே உயரம்தான் நன்மை, அதே உயரம்தான் ஆபத்து. ஒரு காலித் தீப்பெட்டியைப் புத்தகத்தின் மீது படுக்க வையுங்கள். வழுக்காதபடி அதன் கீழ்ப்பக்கத்தில் ஓர் அளவுகோலைத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தை மெல்லச் சாயுங்கள். பிறகு அதே தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்துச் சாயுங்கள். நிமிர்ந்தது சீக்கிரம் கவிழும். இப்போது அதன் உச்சியில் ஒரு நாணயத்தை ஒட்டிப் பாருங்கள். இன்னும் சீக்கிரம் கவிழும். பாடநூலில் ‘புசாட் கிராவித்தி’ என்று நீங்கள் படிக்கும் ஈர்ப்பு மையம் மேலே ஏறுவதே காரணம். காரில் இயந்திரம் கீழே இருப்பதால் ஈர்ப்பு மையமும் தாழ்வாகவே இருக்கும். ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது கூரை மேல் மூட்டைகளைக் கட்டினால், அந்த நாணயத்தை நீங்களே ஒட்டியதாக ஆகிவிடும். கனமான பொருளைக் கீழே வைக்க வேண்டும். வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும். அகலத்தைவிட உயரம் கூடிய எந்த வண்டிக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது குறைதான் எனக்கு உண்மையாகவே கவலை தருவது. பெட்டி காரின் மூக்கு குட்டை. மோதும்போது நசுங்குவதற்கு முன்பக்கத்தில் அதிக இடம் இல்லை. 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அவருடைய இயக்க ஆற்றல் ஏறத்தாழ 4,800 ஜூல். கார் மோதி அவர் அரை மீட்டர் தூரத்தில் நின்றால், உடலை நிறுத்தும் விசை சராசரியாக ஒரு டன் எடைக்குச் சமம். கால் மீட்டரில் நின்றால் இரண்டு டன். இருக்கைவார் அணியாதவரைக் கார் நிறுத்துவதில்லை. முன் இருக்கையோ கண்ணாடியோதான் நிறுத்தும். பல பழைய சிறிய கார்களில் காற்றுப்பையும் கிடையாது. பின்னால் அமர்பவரும் வார் அணிய வேண்டும் என்பது நம் நாட்டில் 2009 ஜனவரி முதல் தேதியிலிருந்து சட்டம். ஆனால் பள்ளி வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள், எத்தனை பேர் அணிந்தபடி வருகிறார்கள் என்று. காரின் வடிவத்துக்கு வெட்கப்படுபவர்கள், வார் அணியாமல் வந்து இறங்குவதற்கு வெட்கப்படுவதில்லை. இதுதான் தலைகீழாக இருக்கிறது.

ஆகவே என் கருத்து இது. ஒரு காரைப் பார்த்ததும் ‘அழகா?’ என்று கேட்காதீர்கள், ‘எந்த வேலைக்கு?’ என்று கேளுங்கள். பள்ளி, சந்தை, கோயில், கிளினிக் என்று பத்துக் கிலோமீட்டருக்குள் சுற்றும் குடும்பத்துக்குப் பெட்டி கார் சரியான விடை. வாரந்தோறும் நெடுஞ்சாலையில் வட மாநிலங்களுக்குப் போகும் குடும்பத்துக்கு அது சரியான விடை அல்ல. அவர்கள் தாழ்வான, நீளமான, புதிய பாதுகாப்பு வசதிகள் கொண்ட காரைப் பார்க்கட்டும். விடை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். நண்பர்களின் சிரிப்பு அந்தக் கணக்கில் ஓர் எண்ணே அல்ல.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்தச் சிரிப்புக்கு விலை உண்டு. மாதம் 500 ரிங்கிட் தவணை என்றால், ஒன்பது ஆண்டில் 54,000 ரிங்கிட். நீங்கள் படிவம் 1-இல் இருக்கும்போது வாங்கிய கடனை, நீங்கள் கல்லூரியில் இருக்கும்போதும் அப்பா கட்டிக்கொண்டிருப்பார். தேவைக்காக வாங்கிய கடன் என்றால் குறையில்லை. பள்ளி வாசலில் கௌரவமாக இறங்குவதற்காக என்றால், அந்தப் பணம் உங்கள் படிப்புச் செலவிலிருந்தும் போகலாம்.

வீட்டில் பழைய பெட்டி கார் வாங்கும் பேச்சு நடந்தால் நீங்களும் உடன் போங்கள். டயரின் பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும், ரப்பர் வயதாகி இறுகிப்போயிருக்கலாம். பின் இருக்கை வார்கள் ஒவ்வொன்றையும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள்; பூட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் கதவோரம் டயர் காற்றழுத்த அட்டவணை ஒட்டியிருந்தால் அதையும் படித்து வையுங்கள். பெரியவர்கள் விலை பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதையெல்லாம் நீங்கள் முடித்துவிடலாம். பார்த்ததை அப்பாவிடம் சொல்லுங்கள். டயர் மாற்றும் செலவு எவ்வளவு ஆகும் என்பதை அவர் பேரத்தில் கழித்துக்கொள்வார்.